கோமதி வளர்த்த தெள்ளுகள்

கோமதி குளித்துவிட்டு வந்தபின் வாசு குளிக்கப் போனபோது, வாளித் தண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயிலில் அது மயில்கழுத்து நிறத்தில் மினுங்கியது. விரலால் கீறினால் பிளந்தது, விரலை எடுத்ததும் அவசரமில்லாமல் மீண்டும் ஒட்டிக்கொண்டது. குனிந்து முகர்ந்தான். சோப்பும் இல்லை, தேங்காய் எண்ணெயும் இல்லை. இலேசாக இனித்து, தொண்டையில் போய்ப் படியும் ஒரு வாடை. யாரோ ஓர் ஆண் தலைக்குப் பூசும் எண்ணெய் என்றுதான் அவன் மனம் முதலில் சொன்னது.

ஜொகூர் துறைமுகத்தில் ஐந்து மாத வேலையை முடித்துக்கொண்டு, கிள்ளானில் இருந்த தன் வீட்டுக்கு அவன் திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இடையில் ஒருமுறைகூட வர முடியவில்லை. போனில் பேசும்போதெல்லாம் மனைவி கோமதியின் பேச்சில் ஒரே பெயர்தான் அடிபட்டது. ரபீக் சொன்னாரு. ரபீக் கூப்பிட்டாரு. சுபாங் ஜெயாவில் அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் அவளுக்கு மேலதிகாரி அவன். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் எஸ்டர் என்ற ரசாயனம் ஆற்றில் கலந்தால் நீரில் வாழும் சின்ன உயிர்கள் என்னவாகும் என்று பார்ப்பது அவர்கள் வேலை. அரிசி நொய்யளவில், கண்ணாடி உடம்போடு, நிழல் பட்டாலே துள்ளி விலகும் நீர்த்தெள்ளுகளை வாரக்கணக்கில் எஸ்டர் கலந்த தண்ணீரில் வளர்ப்பார்கள்.

"செத்துப் போகுதான்னு பாக்கிறது சின்ன டெஸ்ட்டுங்க. இது பெரிய டெஸ்ட். எவ்வளவு குட்டி போடுதுன்னு பாக்கணும்," என்று போனில் சொல்லியிருந்தாள். அந்தக் குரலில் இருந்த கொஞ்சல், அவனுக்காக வந்தது இல்லை.

அன்று பசியாறும்போது அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தாள். வெயில் அவள் கையில் விழுந்தது. விரல்களுக்குப் பின்னால் இருந்த கிளாஸின் விளிம்பு, விரல்களின் ஊடே வாசுவுக்குத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். அப்போதும் தெரிந்தது. வெளுப்பதற்கு ஏதோ கிரீம் பூசுகிறாள், யாருக்காகவோ பூசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது அவனுக்கு எளிதாக இருந்தது.

"நான் முழுகாம இருக்கேங்க," என்றாள் அவள், கிளாஸைக் கீழே வைத்து.

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. "எத்தன மாசம்?"

"ரெண்டு."

தெருவில் ஐஸ்கிரீம் விற்பவனின் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"யாரு?"

"யாரும் இல்ல," என்றாள். பொய் சொல்பவளின் முகமாக அது இல்லை. அதுதான் அவனை எரித்தது. கிளாஸை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, கார் சாவியைத் தேடினாள். "ஞாயித்துக்கிழமைன்னாலும் அதுங்களுக்குத் தீனி போடணும்ங்க."

அவள் போய் வெகுநேரம் அவன் நாற்காலியிலேயே இருந்தான். மதியம் போய்ப் பொழுது சாயத் தொடங்கியும் அவள் வரவில்லை. வாசு தன் காரை எடுத்தான். ஃபெடரல் ஹைவே முழுக்க மழை. வைப்பர் போகும்போது, அவன் மனக்கண்ணில், ரபீக்கின் கை அவள் தோளில் இருந்தது. திரும்பி வரும்போது இடுப்பில் இருந்தது.

ஆய்வகத்தின் முன்னால் அவள் கார் மட்டும் நின்றது. வாசு இறங்காமல் ரபீக்கின் எண்ணை அழுத்தினான். உள்ளே எங்காவது மணி ஒலிக்கும் என்று கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டிக்கொண்டான். மழைச் சத்தம்தான் கேட்டது.

"அண்ணே, சொல்லுங்கண்ணே." பின்னால் பிள்ளைகள் கூச்சல்.

"எங்க இருக்க?"

"செமினியில லா, மாமியார் வீட்டுல. ஏன்ணே?"

"கோமதி லேப்ல இருக்கா. தெள்ளுக்குத் தீனி போட வந்தா."

பிள்ளைகளின் கூச்சல் தேய்ந்தது. ரபீக் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"எந்தத் தெள்ளுண்ணே? அந்த டெஸ்ட்ட நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. எஸ்டர்ல குட்டி கொறையும்னு பாத்தோம். அதுங்க எண்ண முடியாத அளவுக்குப் பெத்துப் போட்டுச்சு. அப்புறம் ஒருநா காலையில வந்து பாத்தா பீக்கர் எல்லாம் காலி. தண்ணிகூட இல்ல. கேட்டா, கோமதி வாயத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு." குரலைத் தாழ்த்தினான். "உள்ள போவாதீங்கண்ணே. நான் வரேன். நான் வந்துடுறேன்."

வருகிறானாம். அவளைப் பார்க்க அத்தனை அவசரம். வாசு போனை அணைத்துவிட்டு மழையில் இறங்கினான். அவளைக் கூட்டிப்போக முன்பெல்லாம் வருபவன் என்பதால் காவல்காரர் தலையாட்டி உள்ளே விட்டார்.

நடையில் விளக்கு இல்லை. கோடியில் ஒரு கதவின் இடுக்கிலிருந்து மட்டும் வெள்ளை வெளிச்சம் தரையில் கோடு போட்டிருந்தது. அந்த வாடை, காலையில் வாளியில் இருந்த அதே வாடை, இங்கே கையில் தொடலாம் போலக் கனத்துக் கிடந்தது. உள்ளே யாரோ மெல்லப் பேசினார்கள். இல்லை, கொஞ்சினார்கள். அவள் குரல். அவனிடம் ஒருநாளும் அப்படிப் பேசாத குரல்.

கதவைத் தள்ளினான்.

குளிர். வரிசை வரிசையாகப் பீக்கர்கள். எல்லாம் காய்ந்து கிடந்தன. மனுஷன் எவனும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தான். அலமாரியைத் திறந்தான். யாரும் இல்லை.

சுவரோரம், தெள்ளுகளை எண்ணப் பயன்படும் பெரிய விளக்குப் பலகை எரிந்தது. அதன் முன்னால் கோமதி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"யாருடி அவன்?"

"தெள்ளுக்கு ஆம்பள வேணாங்க." அவள் திரும்பவில்லை. "தானே பெத்துக்கும். தன்ன மாதிரியே."

"என்னப் பாத்துப் பேசு."

திரும்பினாள்.

வெளிச்சம் அவளிடம் நிற்கவில்லை. சட்டையைக் கடந்தது. தோலைக் கடந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. துடிக்கும் இதயம் தெரிந்தது. அதற்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக, நெருக்கியடித்துக்கொண்டு, அவை.

கட்டைவிரல் அளவு. கண்ணாடிபோல் உடம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. அவன் ஒவ்வொன்றாகத் தேடினான். தன் மூக்கை. தன் தாடையை. ரபீக்கின் சாயலையாவது.

எல்லாம் கோமதி.

அவள் குனிந்து அவற்றைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே அத்தனை வாய்களும் சிரித்தன.

வாசு கையை நீட்டினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கையின் நிழல் அவள் வயிற்றில் விழுந்தது. அவ்வளவுதான். அத்தனையும் ஒரே துள்ளலில் அவனைவிட்டு விலகி மறுபக்கத்து வெளிச்சத்தில் போய் ஒண்டிக்கொண்டன. அவற்றோடு சேர்ந்து கோமதியும், கால் அசையாமல், முழு உடம்பாக ஒருமுறை துள்ளினாள்.