எண்ணக் கூடாத மீன்

எழுத்தைப் படிக்கலாம். எழுத்தை எழுதலாம். எழுத்தைக் கூட்ட முடியுமா?

முடியும் என்றார் இக்னேஷியஸ் சார். திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு முழுவதும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. சார் கரும்பலகையில் 4க + 3ச என்று எழுதினார்.

"இதற்குப் பெயர் கோவை" என்றார்.

"கோவைப்பழமா சார்?" என்று கடைசி வரிசையிலிருந்து கருணாகரன் கேட்டான்.

"பழம் இல்லை. பூவை நாரில் கோக்கிறோம் அல்லவா? அதுபோல இங்கே 4க, 3ச என்ற இரண்டு உறுப்புகளைக் கூட்டல் குறியால் கோத்திருக்கிறோம். எவ்வளவு என்று தெரியாத ஒன்றுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறோம். பயப்பட ஒன்றும் இல்லை. எங்கே, இதை இன்னும் சுருக்க முடியுமா என்று பாருங்கள்."

சிவந்தி எதிலும் முந்திரிக்கொட்டை. சட்டென்று சிலேட்டுப் பலகையில் 7கச என்று எழுதி நீட்டினாள். சார் அதன் குறுக்கே பெரிய கோடு போட்டார்.

"கவும் சவும் ஒன்றா, சிவந்தி?"

"இல்லை சார்."

"பிறகு எப்படிக் கூட்டினாய்? ஒரே எழுத்து உள்ள உறுப்புகளைத்தான் ஒன்றாகக் கூட்டலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேம்பு ஒன்றும் புரியாமல், கரும்பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். சார் அதற்குச் 'சரி' போட்டுவிட்டார்! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிவந்தி பொருமிக்கொண்டே வந்தாள்.

"நீ ஒண்ணுமே பண்ணலியேடி!"

"அதான் சரின்னாரே" என்று சிரித்தாள் வேம்பு.

வேம்பு சிவந்தியின் மாமா பெண். இருவரும் நகமும் சதையும் போல. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டாள். அதற்காக அடி வாங்குவதும் உண்டு.

குப்பத்தை நெருங்கும்போதே கடற்கரையில் கூச்சல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

அங்கே வலையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. அது பெரிய கரைவலை. அதற்கு இரண்டு கைகள், நடுவில் மீன் வந்து சேரும் மடி. வடக்குக் கை சிவந்தியின் அப்பா தேசப்பனுடையது. தெற்குக் கை வேம்புவின் அப்பா தண்டபாணியுடையது. இரண்டு குடும்பமும் சேர்ந்து இழுத்தால்தான் வலை கரைக்கு வரும். பிடிக்கிற மீனும் இரண்டு பேருக்கும் சரிபாதி.

இப்போது தேசப்பன் கையில் கத்தி இருந்தது. மடியையும் வடக்குக் கையையும் சேர்த்துக் கட்டிய கயிற்றை அவர் அறுத்துக்கொண்டிருந்தார்.

"நைனா! இன்னா பண்றே?" என்று அலறினாள் சிவந்தி.

"பங்கு பிரிக்கிறேன். இனிமே உன் மாமனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லே, உறவும் இல்லே."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் தண்டபாணி மாமா. "பொழுது சாயறதுக்குள்ள மூட்டையைக் கட்டிகினு நெட்டுக்குப்பம் போயிடறேன். அங்க என் சம்சாரத்தோட அண்ணன் கீறாரு. வேம்பு, வூட்டுக்குப் போய் உன் துணியெல்லாம் எடுத்து வை."

வேம்புவின் முகம் வெளுத்துவிட்டது. சிவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேம்பு இல்லாத பள்ளிக்கூடமா? வேம்பு இல்லாத கடற்கரையா? அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"எதுக்கு இந்தச் சண்டை? யாராவது சொல்லுங்களேன்!"

சிவந்தியின் அம்மா புஷ்பவல்லி தலையில் கை வைத்தபடி மணலில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் அந்தப் பாழாப்போன கூடையாலதான்" என்றாள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வந்த மீனை எண்ணக் கூடாது. எண்ணினால், 'குறைத்துக் கொடுத்தேன் என்று சந்தேகப்படுகிறாயா?' என்று கடலுக்குக் கோபம் வந்துவிடுமாம். அடுத்த நாள் வலையில் வெறும் பாசிதான் வருமாம். அதனால் மீனைக் கூடை கூடையாக, விளிம்பு மட்டத்துக்குத் தலை தட்டி நிரப்புவார்கள். உனக்கு ஒரு கூடை, எனக்கு ஒரு கூடை என்று மாறி மாறி எடுத்துக்கொள்வார்கள். எல்லாக் கூடையும் ஒரே அளவாக இருந்தவரை ஒரு வம்பும் இல்லை.

போன மாதம் அடித்த புயலில் பாதிக் கூடைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. ராயபுரத்தில் தேடியும் அதே மாதிரி கிடைக்கவில்லை. சின்னக் கூடைகள்தான் கிடைத்தன. ஆனாலும் பழக்கம் போகுமா? இன்றைக்கும் பெரிசு சிறிசு பார்க்காமல், கைக்கு வந்ததை மாறி மாறி எடுத்துவிட்டார்கள்.

"எண்ணிப் பாரு! அவன்கிட்ட ஆறு கூடை கீது. என்கிட்ட அஞ்சுதான் கீது" என்றார் தேசப்பன்.

"ஏன் மச்சான், உன் கண்ணு இன்னா புண்ணா? உன்கிட்ட பெரிய கூடை மூணு. என்கிட்ட ரெண்டுதான். அது மட்டும் நாயமா?" என்றார் மாமா.

"ஆறு பெரிசா, அஞ்சு பெரிசா? அதை மொதல்ல சொல்லு!"

"பேசாம மீனை எண்ணிட்டா இன்னா?" என்று கேட்டுவிட்டாள் வேம்பு.

"ஐயையோ!" என்று சண்டை போட்ட இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சிவந்தி கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து கூடை. ஆறு கூடை. பெரியதையும் சின்னதையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டி, அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். இந்தத் தப்பை இன்று வேறு யாரோ செய்தார்களே! அவளுக்குச் சிரிப்பு வந்தது. செய்தது அவளேதான்.

"நைனா, கத்தியைக் கீழே வை. எண்ணாமலே கணக்குப் பார்க்கலாம்."

"எண்ணாம கணக்கா? அது இன்னா கணக்கு?"

"பெரிய கூடையில எத்தினி மீன் கீதுன்னு தெரியாது. தெரியவும் வேணாம். அதுக்குப் 'பெ'ன்னு பேர் வெச்சுக்கலாம். சின்னக் கூடைக்கு 'சி'. பெரிசு தனி, சின்னது தனி. ரெண்டையும் கலந்து கூட்டக் கூடாது."

அவள் ஈர மணலில் விரலால் எழுதினாள்.

நைனா: 3பெ + 2சி

மாமா: 2பெ + 4சி

"அட, நம்ம கூடையெல்லாம் மணல்ல வந்து குந்திகிச்சு!" என்றார் மாமா. கோபத்திலும் அவருக்கு வேடிக்கை பார்க்க ஆசை.

"இப்போ ரெண்டு பேர்கிட்டயும் பொதுவா இருக்கிறதைத் தள்ளி வைக்கலாம். வேம்பு, வா."

சிவந்தியும் வேம்புவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கூடைகளை இழுத்தார்கள். அப்பாவுடையதில் இரண்டு பெரிய கூடை, மாமாவுடையதிலும் இரண்டு பெரிய கூடை ஓரமாகப் போயின. பிறகு இரு பக்கமும் இரண்டிரண்டு சின்னக் கூடைகள் போயின. மணலிலும் அவற்றை அழித்தாள் சிவந்தி.

மிஞ்சியது கொஞ்சம்தான். அப்பாவிடம் ஒரு பெரிய கூடை. மாமாவிடம் இரண்டு சின்னக் கூடை.

"இவ்ளோதான் சண்டையே" என்றாள் சிவந்தி. "ஒரு பெரிய கூடையும் ரெண்டு சின்னக் கூடையும் சமமா, இல்லையா? கொட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்."

கூட்டம் நெருங்கி வந்தது. புஷ்பவல்லி இரண்டு காலிச் சின்னக் கூடைகளைக் கொண்டுவந்து வைத்தாள். சிவந்தி பெரிய கூடையிலிருந்து கானாங்கெளுத்தி மீனை அள்ளி அள்ளிப் போட்டாள். முதல் கூடை நிரம்பியது. கையால் தலை தட்டினாள். இரண்டாவது கூடையும் நிரம்பிக்கொண்டே வந்தது.

பெரிய கூடையை எட்டிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. அடியில் இன்னும் மீன் இருந்தது. அப்படியென்றால் அதிகமாக எடுத்தது அப்பாதான்.

கொஞ்சம் அமுக்கினால் போதும். மீனெல்லாம் உள்ளே அடங்கிவிடும். இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிந்தால்? அவளுக்குப் பயமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

ஆனால் மாமாவின் கூடைகளை யாரும் அமுக்கவில்லையே.

அவள் இரண்டாவது கூடையையும் தலை தட்டினாள். மிச்சத்தை ஓலைப்பாயில் கொட்டினாள். வெள்ளிபோல மின்னிக்கொண்டு ஒரு சின்னக் குவியல் விழுந்தது.

"ஒரு பெரிசு, ரெண்டு சின்னதைவிட அதிகம்" என்றாள் மெதுவாக. "இந்தக் குவியல் அளவுக்கு நம்மகிட்டதான் கூட வந்திருக்கு, நைனா."

தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் ஒன்று சங்கு ஊதியது.

தேசப்பன் குவியலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு பாயின் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் குவியலை நடுவில் பிளந்து, ஒரு பாதியை மாமா பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்க மச்சான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"நான் மட்டும் இன்னா! இந்த ஒரு பிடி மீனுக்கா நெட்டுக்குப்பம் போறேன்னு குதிச்சேன்?" மாமாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "அந்தக் கயிறு எவ்ளோ தூரம் அறுந்துச்சு? குடு, முடிச்சுப் போடறேன். உனக்கு முடிச்சுப் போடவே வராது."

"யாருக்கு வராது?"

"உனக்குத்தான்!"

இந்தச் சண்டை வேறு மாதிரி சண்டை. இதைக் கேட்டு ஊரே சிரித்தது. வேம்பு, துணி மூட்டை கட்டப் போகாமல் அந்த மணலிலேயே உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

சிவந்தி மட்டும் அப்பாவின் பக்கம் போகவில்லை. கோபமாக இருப்பாரோ?

முடிச்சை இறுக்கிக்கொண்டே மாமா சொன்னார்: "மச்சான், மீனைச் சமமா பிரிச்சாச்சு. வலையைப் பொதுவா வெச்சாச்சு. இந்தக் கணக்குக்காரப் பொண்ணை மட்டும் முழுசா என் பங்குல குடுத்துடு."

தேசப்பன் எழுந்து வந்தார். மீன் வாசனை அடிக்கிற கையால் சிவந்தியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"வலையைக் கேளு, தரேன். கூடை மொத்தமும் கேளு, தரேன்" என்றார். "இவளைப் பங்கு போட மாட்டேன்."