சத்தம் குறைஞ்சுதா, மாப்பிள்ளை சார்?

போன் அடித்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினான்.

அடித்தது பிணத்தின் போன் அல்ல. அதை அவன் அப்போதே அணைத்துவிட்டான். இது அவனுடைய சட்டைப்பையில் கிடந்த சொந்த போன்...

அந்தக் கட்டட வரைபட ஆபீஸில் எல்லோரும் அவனை 'மாப்பிள்ளை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியின் தங்கையைக் கட்டியதைத் தவிர அவன் வேறு எதையும் சாதித்ததாக யாருக்கும் நினைவில்லை.

அந்த முதலாளி, அவனுடைய மச்சான், இப்போது பூட்டிய சர்வர் அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு, இடுப்பு உயர சர்வர் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது. தலை தொங்கியிருந்தது. காதோரம் ரத்தம். பக்கத்தில் யு.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேட்டரி. அதன் ஒரு முனையிலும் ரத்தம்.

சர்வரோ அலறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஆறு ஃபேன்களும் ஒன்றாகச் சேர்ந்து ஊளையிட்டன.

போனை எடுத்தான்.

"சார், சர்வர் சர்வீஸ்ல இருந்து பேசறேன்." ஒரு பெண் குரல். "உங்க சர்வர் ரொம்ப சூடாகுதுன்னு எங்க ஸ்கிரீன்ல காட்டுது. ஃபேன் சத்தம் போடுதா?"

"இ... இல்லையே."

"எனக்கே கேக்குதே சார்."

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். பத்து நிமிஷத்துல வந்து பாத்துடறேன்."

"வேணாம்மா. நான் அணைச்சுடறேன்."

"அணைச்சா நான் கட்டாயம் நேர்ல வந்தாகணும் சார். அது எங்க ரூல். போன்லயே சரியாயிட்டா நான் ஏன் வரப்போறேன்?"

மணி பார்த்தான். பன்னிரண்டு இருபது.

ஒரு மணிக்கு, பிளான் வரைகிற எட்டு டிராஃப்ட்ஸ்மேன்களும் சாப்பிடக் கீழே இறங்குவார்கள். அப்புறம் சரக்கு லிஃப்ட், பின்வாசல், கார் டிக்கி. நாற்பது நிமிடம். அதுவரை இந்த அறைக்குள் ஒரு ஈ, எறும்பு நுழையக் கூடாது. நுழைந்தால் அவன் கதை முடிந்தது!

"சரி... என்ன பண்ணணும், சொல்லுங்க."

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க சார். ரெண்டு கையும் வேணும்."

போட்டான்.

"பக்கவாட்டு மூடி மூடியிருக்கா?"

இல்லை. அதைச் சற்று முன் கழற்றியவர் மச்சான். ஏன் இப்படிக் கத்துகிறது என்று பார்க்க உட்கார்ந்தவர், தூசியைத் துடைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஸ்கிரீனையும் பார்த்துத் தொலைத்தார். ஆபீஸின் பிளான்கள் அத்தனையும் எதிர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தன. அனுப்புகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

"தங்கச்சியைக் கூப்பிடறேன். அவ முன்னாடியே சொல்லு மாப்ளே" என்று கதவுப் பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான். அவன் கைக்கு அகப்பட்டது பேட்டரி. மச்சான் விழுந்ததும் அவன் முதலில் நிறுத்தியது பிளான் அனுப்பும் வேலையை. ஆனாலும் ஃபேன்கள் நிற்கவில்லை.

"சார்? மூடி?"

"திறந்திருக்கு."

"அதான் விஷயம். மூடி திறந்திருந்தா எல்லா ஃபேனும் முழு வேகத்துல ஓடும். மூடுங்க."

மூடினான். சத்தம் ஒரு படி இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க..." அவன் மனைவி. ரிசப்ஷனில் உட்காருகிறவள். "ஒரு போன்கூட பேச முடியல. என்னங்க சத்தம் இது? அண்ணன் உள்ளயா இருக்காரு?"

"இல்ல. வெளிய போயிருக்காரு."

"கார் கீழதானே நிக்குது?"

"நடந்து போயிருக்காரு."

"யாரு, எங்க அண்ணனா? நடந்தா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"லைன்ல இருக்கீங்களா சார்? பெட்டிக்கு முன்பக்கம் காத்து உள்ள போற வழி இருக்கும், சல்லடை மாதிரி. அதை அடைச்சு ஏதாவது சாத்தி வெச்சிருக்கீங்களா?"

மச்சானின் அகலமான முதுகு அந்தச் சல்லடையை முழுசாக மூடியிருந்தது.

"ஒரு... மூட்டை."

"பெரிய மூட்டையா?"

"எண்பது கிலோ."

"எண்பது கிலோ மூட்டையை யாராவது சர்வர் மேல சாத்துவாங்களா சார்? நகர்த்துங்க."

அக்குளில் கை கொடுத்து இழுத்தான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மச்சானின் தலை அவன் தோளில் வந்து சாய்ந்தது. கல்யாணத்தன்று இதே தோளைத் தட்டி, உன்னை நம்பித்தான் என் தங்கச்சியைக் கொடுக்கிறேன் என்றவர். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை.

ஊளை தணிந்தது.

"சூடு இறங்குது சார், இங்க தெரியுது. இப்ப சத்தம் குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. கரகரன்னு ஒண்ணு மட்டும்..."

"ஏதோ ஒரு ஃபேன்ல மாட்டி உரசுது. அப்படியே விட்டா அது நின்னுடும். நான் வந்துதான் மாத்தணும்."

"வேணாம். நானே எடுக்கறேன்."

"அப்ப மூடியைத் திறங்க. மறுபடி அலறும், பயப்படாதீங்க. எந்த ஃபேன்னு பாத்து, அதை மட்டும் கைப்பிடியைப் பிடிச்சு மேல தூக்குங்க. விரலை உள்ள விட்டுடாதீங்க."

திறந்தான். அலறியது. மூன்றாவது ஃபேனைத் தூக்கினான். இறக்கைக்கும் ஓரத்துக்கும் நடுவே நூலோடு ஒரு பட்டன் சிக்கியிருந்தது. மச்சான் விழும்போது அறுந்தது. பிடுங்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன சார் இருந்துச்சு?"

"சட்டை பட்டன்."

"உங்க ஆபீஸ்ல சர்வரைக் கட்டிப்பிடிச்சு அழுவாங்களா சார்?"

ஃபேனைத் திருப்பிச் சொருகினான். மூடியை மூடினான்.

ஃபேன்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. மெல்ல... மெல்ல...

அமைதி.

வெளியே கீபோர்டு தட்டும் சத்தம்கூடக் கேட்டது. மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"ரொம்ப நன்றிம்மா. என் உயிரைக் காப்பாத்திட்டீங்க."

"இருக்கட்டும் சார். ஆனா இன்னும் ஏதோ சத்தம் வருதே?"

"இல்லையே."

"நல்லா கேளுங்க சார்."

கேட்டான்.

சத்தம் சர்வரிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது!

மச்சான் முனகிக்கொண்டிருந்தார்.

அடித்த கையோடு அவர் மார்பில் காதை வைத்துப் பார்த்தவன்தான் அவன். துடிப்பே கேட்கவில்லை. ஆறு ஃபேன்கள் அலறும்போது எந்த நெஞ்சில் காது வைத்தாலும் கேட்காது என்பது அந்த அவசரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். நிஜமான சந்தோஷம். நான் கொலைகாரன் இல்லை...

மச்சான் கண்ணைத் திறந்தார். அவனைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார்.

"மாப்ளே... நீயா?"

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கினான். இன்னும் ஒரே ஒரு அடி. ஆனால் வெளியே குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் போலிருந்தது.

"ஏம்மா..." போனைப் பார்த்துக் கெஞ்சினான். "அந்தச் சத்தம் மறுபடியும் வரணும். என்ன பண்ணலாம்?"

"மூடியைத் திறந்தா வரும் சார். இப்பத்தானே சொன்னேன்."

"ரெண்டு கையிலயும் வேலை இருக்கும்மா. வேற வழி சொல்லு."

"அப்ப அந்த மூட்டையைத் திருப்பிச் சாத்துங்க."

"மூட்டை முழிச்சுக்கிச்சும்மா."

அவன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"தங்கச்சீ..." மச்சான் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டார். ஈனக்குரல்தான். ஆனால் அந்த அமைதியில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"அண்ணா?" கதவு அதிர்ந்தது. "என்னங்க, திறங்க. அண்ணன் குரல் கேக்குது. திறங்கன்னு சொல்றேன்ல."

எட்டு டிராஃப்ட்ஸ்மேன்களும் ஒன்றாகத் தோள் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளை சார், ரத்தக்கறை பேட்டரியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

இரண்டு பேர் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினார்கள். நான்கு பேர் அவனைச் சுவரோடு அழுத்தினார்கள். மனைவி ஒரே ஒரு முறை அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தூக்குக் கயிறே தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் ஓடிப்போய் அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் மட்டும் பேசியது.

"ஃபேன் பிரச்சினை தீந்துடுச்சுன்னு குறிச்சுக்கறேன் சார். கடைசியா ஒரே ஒரு கேள்வி. எங்க சர்வீஸுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

மச்சான்தான் போன் பக்கம் மெல்ல முகத்தைத் திருப்பினார்.

"அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கம்மா. அப்படியே ஒரு ஆம்புலன்ஸையும் போலீஸ் வண்டியையும் அனுப்பி வை... சத்தம் போட்டுக்கிட்டே வந்தாலும் பரவாயில்ல."