ஜவாத்தின் நட்சத்திரம்

திலக்ஷனின் மடிக்கணினிக்குள் சுழலும் பாகம் என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதற்குள்ளிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று 'கிர்ர்... டக்' என்று முனகியது.

வெள்ளவத்தைக் கடற்காற்று இரண்டு மாரிக்குள் எந்த இரும்பையும் தின்றுவிடும். அதனால்தான் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களின் குழுவில் அவனுடைய மெஷின் மட்டும் வெறும் மென்பொருளாக, மடிக்கணினிக்குள் ஓடும் போலியாக இருந்தது. எல்லோருடைய மெஷின்களும் இன்டர்நெட் வழியே ஒரே வலையில் கோக்கப்பட்டவை. வலையின் பட்டியலில் நிஜ மெஷினுக்கு ஒரு நட்சத்திரம், போலிக்கு வெற்றிடம். கொட்டாஞ்சேனை ஜவாத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது மினுங்கும்போதெல்லாம் திலக்ஷனுக்கு வயிறு எரியும். ஜவாத்தின் காருக்கும் பெரிய வேலைக்கும் எரியாத வயிறு. அவன் மனைவி றலியா செய்யும் வட்டிலாப்ப இனிப்புக்குக் கொஞ்சம் எரியும், அது வேறு கதை.

போன வாரம் ஜவாத்தே தன் மெஷினின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினான்.

"பேக்கப் ஒண்டு எடுத்துத் தா மச்சான். ஒன்னப் போல பக்குவமா செய்ய வேற ஆரு ஈக்கிற?"

பக்குவமாகத்தான் எடுத்தான். டிஸ்கைத் திருப்பியும் கொடுத்தான். தனக்கென்று ஒரு பிரதியையும் வைத்துக்கொண்டான். இன்று பின்னேரம் அதை மடிக்கணினியில் ஓடவிட்டு, ஜவாத்தின் பெயரிலேயே வலையில் ஏற்றினான். ஒரே பெயரில் இரண்டு மெஷின் ஏறக்கூடாது என்பது குழுவின் முதல் விதி. சும்மா, நட்சத்திரம் தன் வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே.

பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை. ஜவாத்தின் நட்சத்திரம் நடுங்கியது. பிறகு ஒரு வரி கீழிறங்கி, திலக்ஷனிடம் வந்து நின்றது.

அப்போதுதான் அந்த முனகல். பின்னாலேயே சூடேறிய தூசியின் மணம். அதற்குள் ஜவாத் பூசும் அத்தர். மடியில் இருந்த கணினி கனக்கத் தொடங்கியது.

போன் அடித்தது.

"மச்சான், என்ட மெஷின் ஓடுது, சத்தமே இல்ல. தொட்டாச் சூடும் இல்ல. நீ என்னவும் செஞ்சியா?"

"இல்லையேடா," என்றான் திலக்ஷன். விரல் அணைக்கும் பொத்தான்மேல் இருந்தது. நட்சத்திரம் அவ்வளவு அழகு. இன்னும் கொஞ்சம்.

"மச்சான்... என்ட வெரலும்..."

போனில் இப்போது றலியாவின் குரல்.

"அண்ணா, இவர் கதிரைல குந்திக்கொண்டுதான் ஈக்கிறார். தோள்ல கைய வெச்சா... கை உள்ளுக்குப் போகுது, அண்ணா."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

மச்சான், இது ஒன்ட அறையா?

அணைத்தால் ஜவாத் திரும்புவானா? ஓடும் மெஷினை அணைத்தால் அதற்குள் இருப்பதும் நின்றுபோகும். திலக்ஷனுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

கரண்ட் போனது.

ரவுட்டர் செத்தது. வலை இல்லை. நட்சத்திரம் இருந்தது.

மடிக்கணினியின் பற்றரி முடியும் தறுவாயில், சிவப்பு.

திரைக் கண்ணாடியின் உட்பக்கம் மெல்ல மூச்சுப் படர்ந்தது. அந்தப் பனியில், உள்ளிருந்து, ஐந்து விரல் நுனிகள்.