மிஞ்சுவதுதான் நோய்

மெய்யேந்தியின் தலைக்கவசத்தை மாட்டியதும் அமலனுக்குக் கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். நேர்காணலில் கொட்டாவி விட்டால் வேலை கிடைத்த மாதிரிதான்!

முதலாண்டு மருத்துவர் பணி. இந்த ஓராண்டை ஏதாவதொரு மருத்துவமனையில் முடிக்காமல் எந்தச் சிறப்புப் படிப்பிலும் காலடி வைக்க முடியாது. ஊர் ஊராக விண்ணப்பம் போட்டு, பகலில் பயிற்சி மையத்தில் பாடம், இரவில் ஆம்புலன்ஸ் அழைப்பு மேசை என்று ஓடி அலுத்துப்போயிருந்தான். இதுவும் தவறினால் அண்ணனின் பெயின்ட் கடையில் உட்கார வேண்டியதுதான்.

“கண்ணை மூடுங்க தம்பி. முதல்ல உங்க உடம்பை அளந்துக்கும்” என்றார் தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் நஸீமா. அவர் கண்களைச் சுற்றியும் கருவளையம்.

மெய்யேந்தி வந்தபின் தொட்டுப் பார்க்கும் வைத்தியம் போயே போய்விட்டது. நோயாளியின் உடம்பு உணர்வதை அது அப்படியே மருத்துவரின் உடம்பில் ஏற்றும். மருத்துவரின் சொந்தத் தலைவலி நோயாளியின் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று, அவருக்கு ஏற்கெனவே இருப்பதை முதலில் கழித்துவிடும். மிஞ்சுவதுதான் நோய்.

கட்டிலில் கோமதி என்ற இளம்பெண் படுத்திருந்தாள்.

“என்ன செய்யுதுங்க?”

“அசதி. படியேறினா மூச்சு வாங்குது.”

அமலன் காத்திருந்தான். ஒன்றுமே வரவில்லை. கண்ணைத் திறந்தான். அவள் கீழிமை வெளுத்திருந்தது. கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. அவள் களைப்பு இவன் களைப்பைவிட அதிகமாக இருந்தால்தானே ஏதாவது மிஞ்சும்?

“எதுவும் தெரியல மேடம். ஆனா...”

“கரெக்ட்!” நஸீமாவின் முகம் மலர்ந்தது. “நாங்க மூணு பேரும் போட்டுப் பார்த்தோம், ஒண்ணுமில்ல. சில பேர் வீட்டுல நல்லா தூங்கிட்டு வந்து, இல்லாத வியாதியெல்லாம் சொல்றாங்க. நீங்க எங்களோட அப்படியே ஒத்துப்போறீங்க. நாளைக்கே சேர்ந்துடுங்க.”

அந்த ‘ஆனா’வுக்கு அடுத்ததை அமலன் சொல்லவேயில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

குழு டீ குடிக்கப் போனதும் அவன் கோமதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: “ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கால் வீங்கியிருக்கு.”

“தெரியும். நானும் டாக்டர்தான். போன வாரம் வரைக்கும் உங்க வேலையில நான்தான் இருந்தேன். வார்டுல மயங்கி விழுந்தேன். மெய்யேந்தி ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு. பொய் சொல்லி லீவு கேக்குறேன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க. இப்போ நோயில்லாத ஆளுன்னு இந்தப் பரீட்சைக்குப் படுக்க வெச்சிருக்காங்க. யாராவது நோய்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான் வந்தேன்.”

“யாருமே சொல்லலையா?”

“சொன்னாங்களே. அவங்க யாருக்கும் வேலை கிடைக்கல.”

அவன் தலைகுனிந்தான்.

“விடுங்க” என்றாள் கோமதி. “போன வருஷம் இதே கட்டில்ல எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் படுத்திருந்தார். அவருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது.”

“அவர் இப்போ எங்க?”

கோமதி கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் அவனுக்கும் இடம் விட்டாள். மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் அமலன் உட்கார்ந்தான்.