மச்சான் பேரில் ஓர் உம்ரா

பாலக்கரையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது ஜெகபர் சாதிக்குக்குக் கால் இரண்டும் தன்னுடையவை போலவே இல்லை. மக்காவிலிருந்து மதினாவுக்கு ரயில், அங்கிருந்து விமானம், சென்னையிலிருந்து பஸ். பஸ்ஸில் ஏ.சி. வேறு மக்கர் பண்ணியது. ஆனால் அவனை வாட்டியது அலுப்பு மட்டுமல்ல.

அக்கா ஜஹானாரா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வா தம்பி. உம்ரா முடிச்ச முகம் எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு."

சாதிக் அந்த முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

மாலை நான்கு மணிதான். ஆனாலும் அந்தப் பழைய வீட்டுக்குள் வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிடும். கரண்ட்டும் இல்லை. உள்ளறைக் கட்டிலில் அக்கா உட்கார, எதிரே நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அடுப்படியில் அவள் மகள் ஷாஜியா பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தெருவுக்கே சோறு ஆக்கிப் போடுறோம்" என்றாள் அக்கா. "பாஸ்போர்ட் எடுத்தும் போகக் கொடுத்து வைக்காமப் போன மனுஷன். உன்னாலதான் உங்க மச்சானுக்கு அது நிறைவேறிச்சு."

மச்சான் அப்துல் அஹத் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இறந்தவர் பேரில் உம்ரா என்னும் மக்கா வழிபாட்டைச் செய்யலாம் என்று அக்காதான் கேட்டுக்கொண்டாள். தன்னுடையதை முடித்த மறுநாள், மச்சானுக்காக மறுபடி இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தி, "இது அப்துல் அஹதுக்காக" என்று மனதாரச் சொல்லித்தான் புறப்பட்டான் சாதிக். அப்படிச் சொல்லிவிட்டால் நடுவில் விடக்கூடாது. கஃபாவைச் சுற்றி வந்து, மலைகளுக்கிடையே நடந்து, தலைமுடி எடுத்த பிறகே அந்தத் துணியைக் களையலாம்.

கால் வீங்கியிருந்தது. கஃபாவுக்குப் போகுமுன் பத்து நிமிஷம் என்று அறைக்குப் போய்ப் படுத்தான்.

குழுத் தலைவர் கதவைத் தட்டித்தான் எழுப்பினார். மதினா ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாதிக் வெள்ளைத் துணிகளைச் சுருட்டி வீசிவிட்டுச் சட்டையை மாட்டினான். ரயிலில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். முடிஞ்சுதா என்று கேட்டாள். முடிஞ்சுதுக்கா என்றான். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

போனை வைத்த அந்த நிமிஷமே வாடை வந்தது. வெயிலில் நடந்தவரின் வியர்வை ஊறிய பருத்தித் துணி வாடை. விமான நிலையத்தில் அவன் தள்ளுவண்டிக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை ஊன்றி, இன்னொன்றை இழுத்து.

மச்சான் அப்படித்தான் நடப்பார்.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

கூடத்தில் செருப்பு இழுபட்டது.

ஷாஜியா என்று நினைத்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கவில்லை.

வாடை நிலைப்படியைத் தாண்டியது.

இழுபடும் சத்தம் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. இதற்கு மேல் ஒளித்தால் நாளைக்குத் தெருவே கூடி அந்தச் சோற்றைத் தின்னும். சாதிக் நாற்காலியிலிருந்து சரிந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, பொய் சொல்லிட்டேன்" என்றான். "மச்சானுக்காக ஆரம்பிச்சேன். முடிக்கல. தூங்கிட்டேன்க்கா. உன் முகத்தைப் பார்க்கவே வெக்கமா இருக்கு."

அவள் திட்டுவாள், அழுவாள், காலை உதறுவாள் என்று காத்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் இன்னும் அந்த வெள்ளைத் துணியோட, தலைமுடி எடுக்காம நிக்கிறாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கட்டிலில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க. உட்காருங்க."

அவள் பக்கத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது.