தொண்ணூறு செகண்ட்

கதவைத் திறந்த அரை நிமிடத்தில் வீடு அலறியது.

விளக்கேற்றிக்கொண்டிருந்த வினோதா வாசலுக்கு ஓடி வந்தாள். மழைக்காக சன்ஷேடின் கீழ் ஒதுங்கியிருந்தவன் இன்னும் அங்கேயே நின்றான்.

"யாரு நீங்க? கதவுல என்ன பண்ணீங்க?"

"மழைக்கு நின்னேங்க. முதல்ல நம்பரைப் போடுங்க... அப்புறம் திட்டுங்க."

எண்ணை அழுத்தினாள். அமைதி. மழைத்துளி தங்கிய இமைகளை உயர்த்திப் பார்த்தாள். அவன் கண்கள் மட்டும் சிரித்தன...

எதிர்வீட்டுச் சாந்தம்மா குடையோடு வந்தாள். "ஏனாய்த்தும்மா? என்னாச்சு, திரும்பவும் அந்தப் பொட்டி கத்துதா?"

மாட்டிய மூன்று நாளில் இது மூன்றாவது முறை. அம்மா இறந்த பிறகு, ஓசூரில் தனியாக இருக்க அண்ணன் கோவிந்தன் வைத்த நிபந்தனை இந்த அலாரம். அடிக்கும்போதெல்லாம் அவன் போனுக்குச் செய்தி போகும். இன்னொரு முறை அடித்தால் வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட வேண்டும் என்று போன முறையே சொல்லிவிட்டான்.

"நானும் அலாரம் மாட்டறவன்தாங்க. வேற கம்பெனி." அடையாள அட்டையைக் காட்டினான். ராஜ்குமார். "பார்க்கட்டுங்களா?"

சாந்தம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"கதவுமேல இருக்கே வெள்ளைத் துண்டு, அது சென்சார். கதவு நகர்ந்தா பெட்டிக்குச் சொல்லும். போறப்ப நம்பர் போட்டா ஆர்ம்... காவல் ஆரம்பம். வந்து போட்டா டிஸ்ஆர்ம்."

"நடுவுல பீப் பீப்னு கேக்குதே?"

"என்ட்ரி டிலே. வந்தது வீட்டுக்காரங்களான்னு முப்பது செகண்ட் காத்திருக்கும்."

"என்னை வரவேற்குதுன்னுல்ல நெனச்சேன்..."

"அந்த முப்பது செகண்ட்ல என்னங்க பண்றீங்க?"

தயங்கினாள். "அம்மா ஆறு வருசம் படுக்கையில இருந்தாங்க. உள்ள வந்ததும் முதல்ல 'வந்துட்டேம்மா'ன்னு சொல்லுவேன். இப்ப விளக்கேத்திச் சொல்றேன்."

முதலில் நம்பரைப் போடுங்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வெளியில போய்ட்டு, வழக்கம்போல வாங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

ஐம்பது செகண்ட் ஆனது. அலாரத்தின் கையேட்டைப் புரட்டி, முப்பதைத் தொண்ணூறாக மாற்றினான்.

"மீதி நாப்பது எதுக்கு?"

"சில நாள் சொல்ல நிறைய இருக்குமில்லைங்களா..."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முக்கா மணி நேரமா என்னப்பா ரிப்பேரு?" என்றாள் சாந்தம்மா.

அப்போது அண்ணன் அழைத்தான். "திரும்ப அடிச்சிருச்சா? யாரது, ஆம்பள குரல்?"

"யாரோ மெக்கானிக்ணா. சரி பண்ணியாச்சு. பத்து நாள் பாரு... அடிச்சா நானே வந்துடறேன்."

ராஜ்குமார் பையைத் தோளில் மாட்டினான். கையேட்டில் தன் எண்ணை எழுதி வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்து வைத்த காபியைத் தொடாமல் போய்விட்டான்.

பத்து நாள் வீடு அலறவில்லை. போனில் அண்ணன் இறங்கி வந்தான். "சரி, அங்கயே இரு. ஆனா எனக்கு அடுத்து, அலாரம் கூப்பிட பக்கத்துல இருக்கறவங்க நம்பர் ஒண்ணு போடு."

சாந்தம்மாவின் எண்ணே போதும். ஆனாலும் வினோதா கையேட்டை எடுத்து, அதிலிருந்த ராஜ்குமாரின் எண்ணுக்கு அழைத்தாள்.

"ரெண்டாவது நம்பர் காலியா இருக்குதுங்க. உங்களோடது போடட்டுமா?"

"நான் யாரோ மெக்கானிக்தானுங்களே."

"அண்ணனுக்குப் பயந்து சொல்லிட்டேன்... யாரோ இல்லீங்க. தினமும் கதவைத் திறக்கறப்ப சன்ஷேடுக்குக் கீழ உங்களைத்தான் தேடறேன்."



"போடுங்க" என்றான். பிறகு மெதுவாக, "நானும் ஒண்ணு சொல்லணும். அந்த டிலேயை மாத்த ரெண்டு நிமிசம் போதுங்க... நான்தான் முக்கா மணி நேரம் ஆக்கினேன்."

மறுநாள் மாலை கதவைத் திறந்து, விளக்கேற்றினாள். பீப்... பீப்...

"வந்துட்டேம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

எண்பத்தெட்டாவது செகண்டில்தான் அவள் விரல் எண்ணைத் தொட்டது.