மேய்ச்சல் மலையில் ஒரு கருத்துக் கேட்பு

ஜீப்பின் கூரைமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

கீழே ஆற்று வெள்ளம் ஜீப்பின் கதவைப் பாதிவரை நனைத்து ஓடிக்கொண்டிருந்தது. மேலே மழை... சும்மா மழையா, கொட்டு கொட்டென்று கொட்டும் ஜூலை மழை. அவன் தொப்பலாக நனைந்திருந்தான். மழைக்கோட்டு இருந்தது. ஆனால் அதைத் தான் போட்டுக்கொள்ளாமல், வரைபடத் தாள்களைச் சுருட்டி வைத்த ஒரு நீளக் குழாய்க்குப் போர்த்தி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான்.

கரையில் குதிரையை நிறுத்திய ஜிபெக், சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடிந்தால்தானே!

"என்னங்க... மேல காத்து நல்லா வருதா?"

அவன் திரும்பினான். ஐயோ, அந்தக் கண்கள்! இமையெல்லாம் மழைத்துளி. பயமும் வெட்கமும் அதற்குள் ஒரு சிரிப்புமாக... ஜிபெக் கடிவாளத்தை வேண்டாத வேகத்தில் இழுத்தாள். பாவம், குதிரை குழம்பிப்போனது.

"மத்தியானத்துக்கு மேல மழை பெஞ்சா இந்த ஆத்துல எறங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க... வரைபடத்துல சின்ன ஓடைன்னுதான் போட்டிருக்கு."

"ஆறு வரைபடம் படிக்காதுங்க!"

குதிரையை ஆற்றுக்குள் இறக்கி ஜீப்பை ஒட்டி நிறுத்தினாள். "ம்... ஏறுங்க. நான் கீழ ஊருக்குத்தான் போறேன். வெள்ளம் வடிஞ்சப்புறம் டிராக்டர் கொண்டு வந்து வண்டியை இழுத்துக்கலாம்."

"எனக்கு... குதிரைன்னா கொஞ்சம் பயம்."

"கிர்கிஸ்காரர் வாயில வர்ற பேச்சா இது? மெதுவாச் சொல்லுங்க, குதிரைக்குக் கேட்டா மானம் போயிடும்."

"நான் தலைநகரத்துல, பிஷ்கெக்குல, பத்தாவது மாடியில வளர்ந்தவன். அங்க லிஃப்ட்தாங்க உண்டு."

எப்படியோ ஏறினான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள நல்ல சாக்கு இருந்தும், சேணத்தின் பின்விளிம்பைத்தான் இறுக்கிப் பிடித்தான். ஜிபெக் அதைக் கவனித்தாள். பிடித்திருந்தது. வழியெல்லாம் அவன் மூச்சு கழுத்தோரம் பட்டதும்... சரி, அதுவும்தான்.

மனம் லேசாக இருந்தால் அவளுக்கு வாய் நிற்காது. எல்லாவற்றையும் சொன்னாள். தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பது, தண்ணீர்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது, ஊருக்குக் குடிநீர்க் குழாய் வரப்போவது. அந்தக் குழாய்க்காக மேய்ச்சல் மலையில் இருக்கும் ஆக்புலாக் ஊற்றை மொத்தமாக வளைத்துப்போடத் திட்டம் போட்டிருப்பது. அதை மறுத்து வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, இந்த மழைக்கு நடுவே அவள் இறங்கிப் போவது.

"மேல அறுபத்தோரு குடும்பம் இருக்கு. வருஷத்துல மூணு மாசம் எங்களுக்கும் ஆட்டு மந்தைக்கும் அந்த ஊத்துதான். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல! யாரோ நகரத்து எஞ்சினியராம். நாங்க எல்லாரும் மலையில இருக்கும்போது கீழ கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டு, காலி நாற்காலிங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டுப் போயிருக்கான், ஏமாத்துக்காரன். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

பின்னால் சத்தமே இல்லை. கேட்கத் தெரிந்த ஆண்பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். பைத்தியக்காரி!

ஊர் அலுவலக வாசலில் தண்ணீர்ச் சங்கத் தலைவி சைரா அக்கா நின்றிருந்தாள். குதிரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, எஞ்சினியர் தம்பி! எல்தியார்! ஊத்தை அளக்கப் போனீங்களே, என்ன ஆச்சு? இவளை எங்க பிடிச்சீங்க?"

ஜிபெக் மெல்லத் திரும்பினாள்.

"நீங்கதானா அது?"

"வழியிலயே சொல்லணும்னு நெனச்சேன்... சொல்லியிருந்தா ஆத்துலயே எறக்கி விட்டிருப்பீங்க."

"நிச்சயமா!"

அவன் முகம் சிவந்தது. அவனுக்கும் ரோஷம் உண்டல்லவா? "பாருங்க, சட்டப்படி இருபது நாளைக்கு முன்னாடியே பள்ளிக்கூடக் கதவுல அறிவிப்பு ஒட்டினோம். பதினோரு பேர் வந்தாங்க. ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லல."

"கோடையில பள்ளிக்கூடக் கதவை யாருங்க பாக்குறது? ஆடு, மாடு, குதிரை, நாய், பூனை எல்லாம் மலை மேல. கீழ இருக்கிறது தபாலாபீஸ் அம்மாவும் உருளைக்கிழங்குச் செடியும்தான். செடிகிட்டயும் கையெழுத்து வாங்கினீங்களா?"

எங்கள் ஜனங்களில் இந்தத் தவறைச் செய்ய நகரத்தில் பிறந்தவனால் மட்டும்தான் முடியும். ஜூலையில் ஊரில் ஆள் இருக்காது என்று இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"அடியே, வாயை அடக்கு!" சைரா அக்கா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஆறு வருஷம் அலுவலகம் அலுவலகமா ஏறி இறங்கி வாங்கின குழாய்டி இது. ஆகஸ்ட் கடைசிக்குள்ள கோப்பு தலைநகருக்குப் போகலைன்னா வேற ஊருக்குக் கொடுத்துடுவாங்க. வாய்க்கால் தண்ணியைக் குடிச்சுட்டு இன்னும் எத்தனை வருஷம் நம்ம பிள்ளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும்?"

ஜிபெக்குக்குத் தெரியாதா? குளிர்காலம் முழுக்க வாளி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை அவளுடையது. ஊற்றும் வேண்டும், குழாயும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும் என்றால் என்னதான் செய்வது?

அறுபத்தோரு கையெழுத்துகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மலையேறும் வழியெல்லாம் அழுதாள். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

நான்காம் நாள் காலை, ஜிபெக் பால் கறந்துகொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். நடந்தே வந்திருக்கிறான்! காலணியெல்லாம் சேறு. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் நொடி காட்டும் கடிகாரம்.

அவள் அப்பாவுக்குத் தாஷ்தான் என்று பெயர். அவர் வழக்கப்படி கூடாரத்துக்குள் கூப்பிட்டுக் கிண்ணம் நிறையப் புளித்த குதிரைப்பால் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இருமினான். ஜிபெக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்... கோபமாக இருக்கிறோம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஊற்றடியில் வாளியை வைத்து அளந்தான். ஒரு தரம் இல்லை, ஐந்து தரம். ஐந்தாவது தரம் கடிகாரத்தைப் பார்த்தவன் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சுற்றி ஆடுகள் முண்டியடித்துத் தண்ணீர் குடித்தன. ஒன்று அவன் சட்டையைக்கூட மென்று பார்த்தது.

"மே மாசம் அளந்தப்போ நாலு நொடியில நெறஞ்சது. இப்போ பதினோரு நொடி."

"மே மாசம் பனி உருகுற நேரம்."

"தெரியுது... இப்போ தெரியுது. இதைக் குழாயில போட்டா உங்களுக்குச் சொட்டுத் தண்ணி மிஞ்சாது. நான் தப்புப் பண்ணிட்டேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் வீணாகிப்போனது.

"என்கிட்ட மட்டும் சொல்லி என்னங்க பிரயோஜனம்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதே கண்கள்! இந்தத் தடவை அதில் பயம் இல்லை. "எல்லார்கிட்டயும் சொல்றேன். இங்கயே வந்து சொல்றேன்."

போனான். ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது. ஆளைக் காணோம். "பாத்தீங்களா, நகரத்துக்காரன் புத்தியை! ஏமாத்துக்காரன்" என்று கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொன்னாள் ஜிபெக். சொல்லிவிட்டு மேட்டில் ஏறி நின்று பாதையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாலு தரம், மழையிலும்கூட. அவளை யார் கேட்பது?

பதினெட்டாம் நாள் பாதையில் ஒரு லாரி முக்கி முனகி ஏறி வந்தது. சைரா அக்கா, கீழே ஊரில் இருந்த இருபது முப்பது பேர், கடைசியாக அவன். கையில் ஒரு கட்டுத் தாள்.

"ஏண்டி, கண்டபடி பேசி வெச்சிருக்கியாமே," என்று சைரா அக்கா அவள் காதோரம் கடிந்துகொண்டாள். "ஜூலையில நடந்த கூட்டம் செல்லாதுன்னு அவனே எழுதிக் கொடுத்துட்டான்டி! மேலதிகாரி தாம்தூம்னு குதிச்சாராம். கெடைக்க இருந்த பதவியும் போச்சு. இவ்வளவு நாளா அங்க மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கான்."

ஜிபெக்குக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

புல்வெளியில் கூட்டம் கூடியது. அறுபத்தோரு குடும்பமும் வந்தது. பாதிப்பேர் குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. எல்தியார் நடுவில் வந்து நின்றான். தாளைப் பார்த்து இரண்டு வரி படித்தான். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

"நான் அன்னைக்கு நடத்தினது கூட்டமே இல்லைங்க. வீட்டுல ஆள் இல்லாத நேரமாப் பாத்துக் கதவைத் தட்டிட்டு, யாரும் வேணாம்னு சொல்லலைன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது. குழாய் வர்ற வழிக்கு ரெண்டு கிலோமீட்டர் ஒதுங்கி இன்னொரு ஊத்து இருக்கு. அளந்து பாத்துட்டேன், ஊருக்குப் போதும். ஆக்புலாக் உங்களுக்கே இருக்கட்டும். குழாய் கூடுதலா வாங்கித் தர மேலிடத்துல சம்மதிச்சுட்டாங்க. ஆனா அந்த ரெண்டு கிலோமீட்டருக்குக் குழாய் பதிக்கக் கால்வாய் தோண்டித் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க... இதுக்கு மேல நீங்கதான் சொல்லணும்."

கூட்டம் கசமுசவென்று பேசியது. தாஷ்தான் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவது வருஷத்துக்கு இரண்டு தரம்தான்.

"தோண்டுறதுக்கு என்னப்பா? மந்தை கீழ எறங்கினதும் அஷார் வெச்சுக்குவோம். ஊரே சேந்து கை கொடுத்தா ரெண்டு கிலோமீட்டர் என்ன பெரிய கிலோமீட்டர்!"

"சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றான் எல்தியார்.

குதிரைமேல் இருந்தவர்கள் சாட்டையைத் தூக்கினார்கள். கீழே நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள். ஒரு முழுச் சுற்று சுற்றி எண்ணி வந்தவன், ஜிபெக் முன்னால் நின்றுவிட்டான். அவள் கை மட்டும் கீழே இருந்தது.

"உங்களுக்கு மறுப்பா?" அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"சம்மதம்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." ஜிபெக் எல்லாரையும் பார்த்துத் திரும்பினாள். காது மடலெல்லாம் எரிந்தது. "இவரை ஏமாத்துக்காரர்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொய். இவர் நல்லவர். அதையும் கூட்டக் குறிப்புல எழுதிக்குங்க."

"எழுதணுமா?"

"எழுதணும்!"

எழுதினான். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவர்கள் நாங்கள் நிறையப் பேர். அப்புறம்தான் அவள் கையைத் தூக்கினாள். நூற்று எண்பத்தி மூன்று கைகள். மறுப்பு ஒன்றுகூட இல்லை... இந்தத் தடவை நிஜமாகவே இல்லை.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. நெடிய பாப்லர் மரங்கள் மஞ்சளாகி நின்றன. கோப்பு போய், குழாய் வந்து, ஊர் எல்லையில் மலைபோலக் கிடந்தது. காலையிலேயே ஊர் முழுக்க மண்வெட்டியோடு வந்துவிட்டது. சைரா அக்கா கயிற்றால் அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனாள்.

ஒன்பது மணிப் பேருந்தில் எல்தியார் வந்து இறங்கினான். தோளில் புத்தம்புது மண்வெட்டி. அதில் ஒட்டியிருந்த சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"அக்கா, எனக்கு எந்த இடம்?"

"உங்களுக்கா?" சைரா அக்கா சிரித்தாள். "தம்பி, அஷார்ல வீட்டுக்குத்தான் பங்கு. உங்களுக்கு இந்த ஊர்ல வீடு ஏது? விருந்தாளி அந்தப் பக்கம் போய் உக்காருங்க, டீ வரும்."

சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மண்வெட்டியோடு நின்றான். இத்தனை தூரம் வந்தது டீ குடிக்கவா? அவன் கண்கள் முளைக்குச்சிகளைத் தாண்டித் தாண்டி, நாற்பத்தி ஆறாவது குச்சியருகே வந்து நின்றன.

அங்கே ஜிபெக் நின்றாள். நெற்றியில் மண். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இவன் டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்து ஏறிவிடுவான். திறந்தால்... ஊரே கேட்கும். கேட்கட்டுமே!

"சைரா அக்கா! அவரை எங்க வீட்டுல சேத்துக்குங்க!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. ஒரு குச்சி தள்ளி, இரண்டு குச்சி தள்ளி... வரிசை முழுக்க நின்றது.

"உங்க வீட்டுலயா?" சைரா அக்காவுக்குக் கண்ணெல்லாம் குறும்பு. "விருந்தாளியாவா?"

"விருந்தாளி இல்ல."

"பின்ன என்னன்னுடி எழுதட்டும்?"

ஜிபெக்கின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்துபோனது. அவள் அம்மா தலைக்குட்டையின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான். தாஷ்தான் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"தோண்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன்."

தாஷ்தான் நகர்ந்து, கால்வாயில் மகளுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். சைரா அக்கா பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே மூன்று என்று இருந்ததை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள்.

அவன் இறங்கினான். தோண்டினான். மண் பாதி வெளியே போனது, பாதி அவன் தலையிலேயே விழுந்தது. ஜிபெக் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஜிபெக்..."

"ம்..."

"அன்னைக்குக் குறிப்புல நல்லவர்னு எழுதச் சொன்னீங்கல்ல... அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இல்ல... அதுக்கும் முன்னாடி, குதிரையில திட்டிக்கிட்டே வந்தீங்களே, அப்பவே." அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ இல்லாம முடியாது."

நீங்க என்பது நீ ஆகிவிட்டதை அவள் கவனித்தாள். இடுப்பளவு கால்வாயில், ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"எனக்கும்தான்" என்றாள்... சத்தமாகவே.